ஒரே ஓர் எழுத்து

அன்புள்ள ஐயா,

என் தம்பி மகள் சென்ற ஆண்டு ஏழு வயதில் இறந்துபோனாள். மூளைத்தண்டில் கட்டி, அறிக்கையில் ‘டிஐபிஜி’ என்றிருந்தது. முதலில் ஒரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியது. நான்கே வாரத்தில் நடை தடுமாறியது. கர்ப்ப காலத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் என்று உறவினர்கள் அவள் தாயைக் குத்திக்காட்டுகிறார்கள். அவளும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள். உண்மையில் இது எப்படி வருகிறது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் தம்பி மனைவி எந்தத் தவறும் செய்யவில்லை. முதலில் இதை அவரிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன், 1962 ஜனவரியில் இரண்டு வயதில் இறந்ததும் இதே கட்டியால்தான். அதன் வேர் தெரிய 2012 வரை ஆயிற்று. கனடாவின் மான்ட்ரியலில் நாடா ஜபாடோவின் ஆய்வுக் குழுவும் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் சுசான் பேக்கரின் ஆய்வுக் குழுவும் குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் ஒரே மரபணுப் பிழையைக் கண்டன.

டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்னும் புரதங்களில் நூல்கண்டுபோலச் சுற்றப்பட்டிருக்கிறது. எச்3 என்ற ஹிஸ்டோனின் 27ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கண்ணி) இருக்க வேண்டும். அங்கே ஒட்டப்படும் ஒரு வேதிக்குறி, ‘இந்த மரபணுவை இனித் திறக்காதே’ என்று சொல்கிறது. இளம் செல் தன் பிள்ளைப்பருவத்தை விட்டு முதிர்வது இப்படித்தான். மரபணுவின் எழுத்து வரிசையில் ‘ஏ’ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘டி’ வந்துவிட்டால் லைசினுக்குப் பதில் மெத்தியோனின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து அமர்கிறது. எச்3 செய்யும் மரபணுக்கள் பத்துக்கு மேல் உண்டு. அவற்றில் ஒன்றின் ஒரு பிரதி பிழையானாலே போதும், செல் முழுவதும் அந்தக் குறி மங்கிவிடுகிறது. மூடப்பட வேண்டியவை திறந்தே கிடக்கின்றன. செல் முதிர மறந்து, பெருகிக்கொண்டே போகிறது.

இந்தப் பிழை கருவிலேயே நேர்ந்திருக்கலாம் என்று எலிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. இதைப் படித்து அந்தத் தாய் மறுபடி கலங்கக்கூடும். கருவில் நேர்ந்தது வேறு, கருவைச் சுமந்தவரால் நேர்ந்தது வேறு. கோடிக்கணக்கான செல்கள் பிரியும்போது ஒன்றில் ஓர் எழுத்து மாறுகிறது. கிரகணமோ உணவோ அதை மாற்றியதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை.

எட்டாத இடத்துக் கட்டி என்பதால் பல காலம் அதிலிருந்து திசு எடுக்கவே மருத்துவர்கள் தயங்கினார்கள். தங்கள் குழந்தை இறந்த சில மணி நேரத்திற்குள் கட்டியை ஆய்வுக்குக் கொடுத்த பெற்றோரால்தான் இதில் பெரும்பகுதி தெரிந்தது. கிரகணக் கதை சொல்லும் உறவினர்களிடம் அந்தப் பெற்றோரைப் பற்றியும் சொல்லுங்கள்.