எங்கே நின்றீர்கள்? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

வயது 36, வங்கியில் வேலை. பள்ளி நாட்களில் மாநில அளவில் செஸ் ஆடியிருக்கிறேன். இப்போது லிச்செஸ் என்ற இணையதளத்தில் 3+0 பிளிட்ஸ் மட்டும்தான், அதாவது ஆளுக்கு மொத்தம் மூன்று நிமிடம், நகர்த்தலுக்குக் கூடுதல் நேரம் கிடையாது. ரேட்டிங் 2200-ஐத் தொடும், மறுபடி 2100-க்கு இறங்கும். இரண்டு வருடமாக இதே கதை. ஜெயிக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன். கடைசியில் டைம் போய்விடும், இல்லாவிட்டால் யானையும் சிப்பாய்களும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில், யானை எண்ட்கேமில், சொதப்புவேன். போன வாரம் இரவு இரண்டு மணி வரை ஆடி 130 புள்ளி இழந்தேன். தொடக்க நகர்த்தல்களைச் சொல்லித்தரும் புது ஓபனிங் கோர்ஸ் வாங்கலாமா? வேகம் வர ஒரு நிமிட ஆட்டமான புல்லட் ஆடலாமா? நல்ல மவுஸ் உதவுமா? இல்லை, இந்த வயதில் இதற்கு மேல் வராதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் அக்கா மகனின் ஆட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் உங்களைப் போலத்தான். நன்றாக ஆடுவான், ஜெயித்த ஆட்டத்தைக் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டு முகம் தொங்க எழுந்து வருவான். அவனுக்குச் சொல்ல வைத்திருந்ததை உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வயதுக் கவலையை விடுங்கள். 2017-இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வென்றபோது ஆனந்துக்கு 48 வயது. மவுஸைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஓபனிங் கோர்ஸ் எதற்கு? ஜெயிக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் ஓபனிங்கில் என்ன குறை? இரவு இரண்டு மணி விஷயத்துக்கு மட்டும் உங்களைத் திட்டத்தான் வேண்டும். தோற்ற புள்ளியை அன்றைக்கே மீட்க வேண்டும் என்று உட்கார்ந்தவர், காலையில் மற்றவர் பணத்தை எண்ண வேண்டியவர், உங்களுக்கு இது நல்லதே இல்லை. தூக்கம் கெட்ட மனிதனுக்குச் செஸ்ஸில் எதுவும் கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் இளமையில் எங்கள் ஊர் நூலகத்தை ஒட்டிய அறையில் மாலை நேரத்தில் ஐந்து நிமிட ஆட்டம் நடக்கும். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சென்னை டால் செஸ் கிளப்பிலும் இதே முறைதான். ஆனந்த் சிறுவனாக ஆடி வளர்ந்த இடம் அது. எங்கள் அறையில் எழுப்பவே முடியாத ஒருவர் இருந்தார். தபால் நிலையத்தில் வேலை. நாங்கள் போஸ்ட் மாமா என்போம். நிதானமாக ஆடும் நீண்ட ஆட்டத்தில் அவரை நானே ஜெயித்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

தோற்றுவிட்டு "எங்கே மாமா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டால் பதில் வராது. "எங்கேடா நின்னே?" என்று திருப்பிக் கேட்பார். நான் தாடையில் கை வைத்து உட்கார்ந்துவிட்ட இடத்தை அவர் கவனித்து வைத்திருப்பார். அந்த நிலையை மறுபடி பலகையில் அடுக்குவார். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டாவது நகர்த்தலாக இருக்கும்.

"முதல்ல எதை நினைச்சே?"

சொல்வேன்.

"கடைசியா எதை ஆடினே?"

அதையேதான் ஆடியிருப்பேன்.

"அப்போ நடுவுல இவ்வளவு நேரம் என்னடா பண்ணினே?"

உங்கள் நோயும் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் தரத்தில் இருப்பவருக்கு நல்ல நகர்த்தல் இரண்டு நொடியில் கண்ணில் பட்டுவிடும். பல வருடம் ஆடிய கண் அது. பிறகு இருபது நொடி அதைச் சரிபார்க்கிறீர்கள். பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்ப்பதுபோல. உங்களிடம் இருப்பது 180 நொடி. ஆட்டம் 60 நகர்த்தல் போனால் ஒன்றுக்கு 3 நொடி. பன்னிரண்டாவது நகர்த்தலில் எந்த யானையை டி1 கட்டத்துக்குக் கொண்டுவருவது என்று 25 நொடி யோசித்தால், எட்டு நகர்த்தலுக்கான நேரம் அங்கேயே போய்விட்டது. இவ்வளவுக்கும் இரண்டு யானையில் எதை வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

ஆட்டத்தை அலசும் கணினி நிரலான இன்ஜின் இதைச் சொல்லாது. 47-ஆவது நகர்த்தலில் சிவப்புக் கேள்விக்குறி போட்டு, யானை எண்ட்கேமில் கோட்டைவிட்டீர்கள் என்று காட்டும். நீங்களும் நம்பி எண்ட்கேம் புத்தகத்தைத் தேடுவீர்கள். யானை எண்ட்கேமில் ஜெயிக்கும் பாடநூல் நிலையான லூசெனாவில், யானையை வைத்துச் செக்கை மறைத்துப் பாலம் கட்டுவது உங்களுக்குத் தெரியாதா? ஆறு நொடியில் கட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்களை ஆறு நொடிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது 12-ஆவது நகர்த்தல்.

யோசிக்காமல் ஆடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஜாவின் முன்னால் சிப்பாய்கள் உடையும்போது, காய்கள் ஒன்றையொன்று வெட்டும் நிலையில் நிற்கும்போது, ராணிகளை மாற்றி எண்ட்கேமில் இறங்கலாமா என்று முடிவெடுக்கும்போது 15 நொடி தாராளமாகக் கொடுங்கள். திரும்பி வர முடியாத இடங்கள் அவை. என் வருத்தமெல்லாம், அங்கே கொடுக்க வேண்டிய நேரத்தை நீங்கள் அமைதியான நிலைகளில் செலவழித்துவிடுகிறீர்கள் என்பதுதான்.

2022 டிசம்பரில் அல்மாட்டியில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் நார்வேயின் உலக சாம்பியன் கார்ல்சன் ஓர் ஆட்டத்துக்குத் தாமதமாக ஓடி வந்தார். கடிகாரத்தில் மூன்று நிமிடத்தில் 30 நொடிதான் மிச்சம். எதிரே கோவலேவ், கிராண்ட்மாஸ்டர். அந்த ஆட்டத்தையும் கார்ல்சன் ஜெயித்தார், பட்டத்தையும் ஜெயித்தார். நகர்த்தலுக்கு 2 நொடி கூடும் முறை அவருக்கு உதவியது. அதைவிட, முதலில் தோன்றிய நகர்த்தலை ஆடிவிட அவர் தயங்கவில்லை. நீங்கள் கார்ல்சன் இல்லைதான். உங்கள் எதிராளிகளும் கோவலேவ் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தோற்ற ஆட்டங்களில் கடைசி இருபதை எடுங்கள். இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஆன நேரத்தை லிச்செஸ் காட்டுகிறது. பத்து நொடிக்கு மேல் போன இடங்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு பதில்: முதலில் தோன்றியதையே ஆடினேனா? அது யோசிக்க வேண்டிய நிலைதானா? நோட்டில் எழுதச் சொல்வது வேண்டுமென்றேதான். திரையில் பார்த்தால் அடுத்த ஆட்டத்துக்குக் கை போய்விடும்.

புல்லட் வேண்டாம். அதில் கைதான் வேகமாகும், தயக்கம் அப்படியே இருக்கும். 1970-இல் ஹெர்செக் நோவியில் நடந்த பிளிட்ஸ் போட்டியில் அமெரிக்காவின் ஃபிஷர் 22 ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்தார். இரண்டாவதாக வந்த முன்னாள் உலக சாம்பியன் டால் 14.5. அந்த வேகம் பல வருட நிதானமான ஆட்டத்திலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். மாதம் ஒரு நீண்ட ஆட்டமாவது நேரில், பலகையில் ஆடுங்கள். கோவையில் அதற்கு ஆள் கிடைக்காமல் போகாது.

நோட்டு முடியும்வரை 3+0 பக்கம் போகாதீர்கள். மூன்று நிமிடத்தோடு நகர்த்தலுக்கு 2 நொடி கூடும் 3+2 ஆடுங்கள், உலக பிளிட்ஸ் போட்டியும் அந்த முறையில்தான் நடக்கிறது. இரவு பத்துக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு மூடிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்.