“இதுவரை ஒரு பெண்கூட ஏன் வெல்லவில்லை?”

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இரண்டு ஆண்டுகளாகக் கார்ட்டிங் (சிறிய, கூரையில்லாத கார்ட் வண்டிகளில் நடக்கும் பந்தயம்) ஓட்டுகிறாள். சென்ற பருவத்தில் தன் வயதுப் பிரிவில் ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். பந்தய ஓட்டுநராக வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. என் மாமனார் கார் பந்தயங்களை விடாமல் பார்ப்பவர், பேத்தியிடம் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அண்மையில் அவர், “பெண்களால் முடியும் என்றால், ஃபார்முலா 1-இல் இதுவரை ஒரு பெண்கூட ஏன் வெல்லவில்லை?” என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மகளின் முகம் வாடிவிட்டது. பயிற்சியாளரோ ஒவ்வொரு முறையும் “பெண் பிள்ளைக்கு இது நல்ல நேரம்தான்” என்கிறார். விபத்தை நினைத்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. பெண்களுக்கு மட்டுமான போட்டிகளில் அவளைச் சேர்ப்பதா, இத்துடன் நிறுத்திவிடுவதா? மாமனாருக்கு நான் என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமனாரின் கேள்வியை ஏளனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பந்தயங்களைப் பல ஆண்டுகளாகக் கூர்ந்து பார்த்துவரும் ஒருவருக்கு இயல்பாக எழக்கூடிய கேள்வி அது. மேடைப் பேச்சு வாசகங்களால் அதற்கு விடையளிக்க முடியாது. கணக்கை முன்வைத்துக் கேட்பவருக்குக் கணக்கிலேயே பதில் சொல்வதுதான் மரியாதை.

ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் போட்டி 1950-இல் தொடங்கியது. அன்று முதல் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் ஓட்டியிருக்கிறார்கள். அவர்களுள் அறுநூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் ஒரு பந்தயத்தில்கூட முதலாவதாக வந்ததில்லை. பெண்களுள் தொடக்கக் கோட்டில் நின்றவர்கள் இருவர் மட்டுமே, இருவரும் இத்தாலியர்கள்: மரியா தெரெசா டி ஃபிலிப்பிஸ் மூன்று பந்தயங்களிலும், லெல்லா லொம்பார்டி பன்னிரண்டு பந்தயங்களிலும் ஓட்டினார்கள். ஆக மொத்தம் 15. 2024-ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் நடந்த பந்தயங்களோ 24. அதாவது, இன்று அணியில் புதிதாகச் சேரும் ஓர் இளைஞனுக்கு முதல் ஆண்டிலேயே கிடைக்கும் வாய்ப்புகள்கூட, முக்கால் நூற்றாண்டில் பெண்கள் அனைவருக்கும் சேர்த்துக் கிடைக்கவில்லை. டிவினா காலிகா, டெசிரே வில்சன், ஜோவானா அமாதி ஆகிய மூவர் தகுதிச் சுற்று வரை வந்து இடம்பெறாமல் திரும்பினார்கள். இவர்களுள் டெசிரே வில்சன், 1980-இல் பிரிட்டனின் உள்நாட்டு ஃபார்முலா 1 தொடரில், பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில், ஃபார்முலா 1 காரை ஓட்டி முதலாவதாகவே வந்தார். உலகச் சாம்பியன் போட்டிக் கணக்கில் அது சேராது என்று மாமனார் சொல்வார். சொல்லட்டும், ஆனால் அந்தச் செய்தி அவருக்கே புதிதாக இருக்கக்கூடும்.

அந்த 15 பந்தயங்களும் எத்தகைய கார்களில் ஓட்டப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். டி ஃபிலிப்பிஸ் 1958-இல் ஓட்டியது மஸராட்டி 250எஃப். அந்த நிறுவனம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தன் சொந்தப் பந்தய அணியைக் கலைத்துவிட்டிருந்ததால், வயதாகிவிட்ட ஒரு காரைத் தனியாராகக் கொண்டுவந்து அவர் ஓட்ட வேண்டியிருந்தது. பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் பத்தாவதாக வந்தார். அதே ஆண்டு பிரான்சில் தம்மை ஓட்டவிடாமல் தடுத்த அதிகாரி, பெண் தலையில் அணிய வேண்டிய ஹெல்மெட் முடி அலங்கார நிலையத்தில் இருப்பது மட்டுமே என்ற பொருளில் பேசியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். லொம்பார்டி இறைச்சிக் கடைக்காரரின் மகள். கடையின் சரக்கு வண்டியை ஓட்டித்தான் கை பழகினார். 1975-இல் ஸ்பெயினின் மான்ட்ஜுயிக் களத்தில், பார்வையாளர்களின் உயிரைப் பறித்த விபத்தால் பந்தயம் பாதியிலேயே நிறுத்தப்பட்டபோது, அவர் ஆறாவது இடத்தில் இருந்தார். முழுத் தொலைவும் ஓடாததால் புள்ளிகள் பாதியாக்கப்பட்டன. அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. உலகச் சாம்பியன் போட்டியில் ஒரு பெண் பெற்ற புள்ளி இன்றுவரை அந்த அரைதான்.

இதற்கும் முந்தைய காலத்தில், சிக்கல் காரைப் பெறுவதில்கூட இல்லை, களத்தின் வாசலிலேயே இருந்தது. பிரான்சைச் சேர்ந்த கமீல் டு காஸ்ட் 1901-இல் பாரிசிலிருந்து பெர்லின் வரையிலான பந்தயத்தைக் கடைசி ஆளாகத் தொடங்கி, பலரை முந்தி 33-ஆவதாக முடித்தவர். 1903-இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தபோது, கவிழ்ந்த காருக்கு அடியில் சிக்கிய சக ஓட்டுநர் ஒருவரைக் காப்பாற்றுவதற்காகத் தம் காரை நிறுத்தி, தம் இடத்தை இழந்தார். பல உயிர்கள் போனதால் அந்தப் பந்தயமே பொர்தோவில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு மோட்டார் கழகம் பெண்களுக்குத் தடை விதித்தது. பதற்றமே இல்லாமல் காரை நிறுத்தி உதவிய அவரையும் சேர்த்துத்தான், பெண்கள் எளிதில் பதற்றமடைவார்கள் என்று காரணம் சொன்னார்கள்! அவர் மோட்டார் படகுப் பந்தயத்துக்குப் போய்விட்டார். பிரிட்டனில் டோரதி லெவிட் 1906-இல் மணிக்கு 146 கி.மீ. வேகத்தை எட்டிக் காட்டியவர். மறு ஆண்டு புரூக்லேண்ட்ஸ் களம் திறக்கப்பட்டபோது அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

உங்கள் மகளிடம் யாராவது ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தால், செக் நாட்டைச் சேர்ந்த எலிஷ்கா யுன்கோவாவைப் பற்றிச் சொல்லுங்கள். கணவர் செனெக் யுனெக் பந்தய ஓட்டுநர். போரில் காயமடைந்த கையால் கியர் மாற்றுவது அவருக்குச் சிரமமாக இருந்ததால், மனைவி ஸ்டீரிங்கைப் பிடித்தார். சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயம் மலைச்சாலைகளில் சுற்றுக்கு 108 கி.மீ. வீதம் ஐந்து சுற்றுகள் ஓட வேண்டியது. தோள் வலிமையை நம்பி ஓட்டுகிறவர்கள் சோர்ந்துவிடும் தொலைவு. வலிமையில் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதை உணர்ந்திருந்த யுன்கோவா, பந்தயத்துக்கு முன்பே அந்தச் சாலையைக் கால்நடையாக நடந்து, எந்த வளைவில் எந்தச் சுவர், எந்த மரம், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று குறித்துவைத்துக்கொண்டார். களத்தை முன்கூட்டியே நடந்து பார்ப்பது இன்று எல்லா ஓட்டுநர்களுக்கும் வழக்கம். அதைத் தொடங்கிவைத்தவர்களுள் அவர் ஒருவர். 1928-இல் இரண்டாம் சுற்று முடிவில், அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் அனைவரையும் பின்னுக்குத் தள்ளி அவருடைய புகாட்டி முதலிடத்தில் இருந்தது. கடைசிச் சுற்றில் கார் பழுதுபட்டதால் ஐந்தாவதாக முடித்தார்.

உடல் வலிமை குறித்தும் மாமனார் நிச்சயமாகக் கேட்பார். புரூக்லேண்ட்ஸில் 1935-இல் கே பீட்டர் என்ற பெண், ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ளவர், 10.5 லிட்டர் எஞ்சின் கொண்ட டெலாஜ் காரில் மணிக்கு ஏறத்தாழ 217 கி.மீ. சராசரியில் ஒரு சுற்றை முடித்தார். ஆனாலும் வலிமை ஒரு பொருட்டே அல்ல என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையல்ல. ஃபார்முலா 1 காரில் பவர் ஸ்டீரிங் உண்டு. அதற்குக் கீழே உள்ள ஃபார்முலா 2, ஃபார்முலா 3 கார்களில் இல்லை. ஆகவே உச்சியில் இருப்பதைவிட, உச்சிக்குப் போகும் படிகளில்தான் தோளுக்கும் முன்கைக்கும் கடுமையான வேலை இருக்கிறது. பெண்கள் பலர் அந்தப் படிகளிலேயே நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். அண்மைக்கால வடிவமைப்புகளில் ஸ்டீரிங்கைத் திருப்பத் தேவையான விசையைக் குறைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றுக்கான பயிற்சியை, வளரும் உடலைப் புரிந்த ஒருவரின் மேற்பார்வையில், இப்போதே அளவாகத் தொடங்கலாம்.

விபத்தைப் பற்றிய உங்கள் பயத்தை நான் கரைத்துவிட முயலப் போவதில்லை. 1928 ஜூலையில் யுன்கோவாவின் கணவர் நூர்பர்க்ரிங் களத்தில் இறந்தார். அத்துடன் அவர் பந்தயத்தை விட்டுவிட்டார். டி ஃபிலிப்பிஸ் 1959-இல், நெருங்கிய நண்பரான ஓட்டுநர் ஜான் பெரா களத்தில் இறந்தபின் விலகினார். இன்றைய களங்களும் கார்களும் அன்றைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவை. ஆயினும் இது ஆபத்தே இல்லாத விளையாட்டு ஆகிவிடவில்லை. கார்ட்டில் இருக்கைப் பட்டை கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனவே சரியான அளவுள்ள ஹெல்மெட், கழுத்துக் காப்பு, விலா எலும்புக் காப்பு ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அவள் வளர வளர இவையும் மாற வேண்டும்.

நிறுத்துவதா, தொடர்வதா என்ற கேள்விக்கு, ஒரு தந்தையின் முடிவை உங்கள் முன் வைக்கிறேன். பிரான்சின் மிஷெல் மூட்டோன் முதலில் ரேலிகளில் (சாலைகளிலும் மண் பாதைகளிலும் நேரத்தை அளந்து நடத்தும் கார் பந்தயங்களில்) வழிசொல்லும் துணை ஓட்டுநராகத்தான் இருந்தார். அவருடைய தந்தை, ஓட்டுவதென்றால் நீயே ஓட்டு என்று சொல்லி, ஓர் ஆல்பின் காரை வாங்கித்தந்து, திறமையைக் காட்ட ஓராண்டு அவகாசம் கொடுத்தார். அந்த மகள் 1981-இல் இத்தாலியின் சான்ரெமோவில், உலக ரேலிப் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண் ஆனார். 1982-இல் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ஆகிய மூன்று ரேலிகளையும் வென்று, உலகச் சாம்பியன் பட்டத்தை வால்டர் ரோல் என்பவரிடம் சற்றே தவறவிட்டு இரண்டாவதாக வந்தார். அவருக்குக் கிடைத்தது அன்றைய மிகச் சிறந்த கார்களுள் ஒன்றான ஆடி குவாட்ரோ என்பதை மாமனாரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நல்ல கார் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஆண்டுதான் சான்று.

அந்தத் தந்தை எல்லையில்லாத ஆதரவை வாக்களிக்கவில்லை. காரும் காலக்கெடுவும் கொடுத்தார். நீங்களும் ஒரு பருவத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பந்தயங்கள், எத்தனை பயிற்சி நாட்கள், குடும்பத்தால் எவ்வளவு செலவிட முடியும் என்பதை மகளையும் உட்காரவைத்து எழுதுங்கள். பணத்தைப் பற்றி 12 வயதுப் பிள்ளையிடம் பேசலாமா என்று தயங்க வேண்டாம். இந்த விளையாட்டில் அது பின்னால் தெரிந்தால்தான் அதிகம் வலிக்கும். அமெரிக்காவின் ஜேனட் கத்ரி, இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் 1977-இல் ஓட்டிய முதல் பெண், 1978-இல் எலும்பு முறிந்த மணிக்கட்டுடன், தாமே அமைத்த அணியில் ஓட்டி ஒன்பதாவதாக வந்தார். அதற்குப் பிறகும் போதிய ஸ்பான்சர் கிடைக்காமல்தான் அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது.

பெண்களுக்கு மட்டுமான போட்டிகள் குறித்து என் கருத்து இதுதான்: அவற்றை ஒரு படியாகக் கொள்ளலாம், வீடாகக் கொள்ளக் கூடாது. புரூக்லேண்ட்ஸில் 1908-இல் பெண்களுக்கென ஒரு பந்தயம் வைத்தார்கள். மூரியல் தாம்சன் வென்றார். பிறகு ஆண்டுக்கணக்கில் அங்கே பெண்களுக்கு எதுவும் இல்லை. இன்றைய நிலை அதைவிட மேல். 2019-இல் தொடங்கிய டபிள்யூ சீரிஸ் என்ற பெண்கள் தொடர் பணமில்லாமல் 2022-இல் நின்றுபோனாலும், அதில் மூன்று முறை பட்டம் வென்ற ஜேமி சாட்விக், 2024-இல் அமெரிக்காவின் இண்டி நெக்ஸ்ட் தொடரில் ஆண்களோடு ஓட்டி ஒரு பந்தயத்தை வென்றார். 2023-இல் தொடங்கிய எஃப்1 அகாடமி என்ற பெண்கள் தொடரில் ஒருவர் நீண்டகாலம் தங்க முடியாதபடி விதி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஃபார்முலா 1-இல் ஓட்டுவதற்கான உரிமமான சூப்பர் லைசென்ஸ் பெற 40 புள்ளிகள் வேண்டும்; அவற்றின் பெரும்பகுதி ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓட்டும் தொடர்களில்தான் கிடைக்கும். கார்ட்டிங்கில் உங்கள் மகள் இப்போதே ஆண் பிள்ளைகளோடு ஓட்டுகிறாள் என்றால், அந்த இடத்தை விட்டு அவளை வெளியே எடுக்காதீர்கள்.

இனி அந்தப் பயிற்சியாளர். மாமனாரின் கேள்வியைவிட அவருடைய பாராட்டுதான் எனக்கு உறுத்துகிறது. “பெண் பிள்ளைக்கு நல்ல நேரம்” என்று ஒரு நேரம் கிடையாது. கடிகாரத்தில் ஓர் எண் இருக்கிறது, அவ்வளவே. அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால், சண்டையிடாமல், முதலாவதாக வந்த பிள்ளையைவிட இவள் எத்தனை பத்தில் ஒரு விநாடி பின்தங்கினாள், எந்த வளைவில் இழந்தாள், இருவருடைய கார்ட்டும் எஞ்சினும் டயரும் ஒன்றுதானா என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மகள் களத்தை நடந்து பார்க்கும்போதும் அதே நோட்டு கையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அதை மாமனாரிடம் கொடுங்கள். இத்தனை ஆண்டுகளாகப் பந்தயம் பார்ப்பவர். பேத்தி நான்காவது வளைவில் ஏன் நேரத்தை இழக்கிறாள் என்பதை உங்களையும் என்னையும்விட அவரே சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.