கையெழுத்துப் போட்டவர் துரோகி அல்ல

கேள்வி: எங்கள் கம்பெனியில் ஆள்குறைப்பு வரப்போகிறது. அதற்கு முன்னால், தாமாக விலக விரும்புகிறவர்களுக்கு என்று ஒரு பேக்கேஜ் அறிவித்தார்கள். எங்கள் டீமில் ரொம்ப வருடமாக இருந்த ஒருவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கஷ்ட காலத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவருக்குப் பிரிவுபசாரம் எதற்கு என்று நாங்கள் சிலர் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. விசுவாசமாக இருப்பவர்களுக்கு மரியாதையே இல்லையா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: போயிருக்க வேண்டும். இப்போதாவது அவருக்கு ஒரு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை இறக்கிய இடம் தப்பு. எத்தனை பேரை அனுப்புவது என்று முடிவு செய்தவரை நீங்கள் நேரில் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், அவர் மேல் கொட்டிவிட்டீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பிரிவில் 10 பேரைக் குறைப்பது என்று மேலே தீர்மானித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 பேர் தாமாக முன்வந்தால், வலுக்கட்டாயமாக வெளியே அனுப்பப்படுகிறவர்கள் 6 பேர். முன்வந்தவர்களால் வேலை தப்பிய வேறு நாலு பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அவர் அதை நினைத்துக் கையெழுத்துப் போடவில்லை என்பது எனக்கும் தெரியும். கடனோ, உடம்புக்கு முடியாத அம்மாவோ, வேறு வேலை கிடைத்ததோ, வெறும் அலுப்போ, காரணம் எதுவாக இருந்தாலும் அதை உங்களிடம் விளக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

விசுவாசம் பற்றிக் கேட்டீர்கள். 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரைக் குறைத்தபோது, அங்கே 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், செய்தி மின்னஞ்சலில் வந்தது. இத்தனை வருட உழைப்பு நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 2025 தொடக்கத்தில் அதே கூகுளில் ஊழியர்களே ஒரு மனுவில் கையெழுத்து வாங்கினார்கள்: ஆட்களை வெட்டுவதற்கு முன்னால், போக விரும்புகிறவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள் என்று. அதே மாதம் ஆண்ட்ராய்டு, பிக்சல் வேலைகளைப் பார்க்கும் பிரிவுக்கு விருப்ப விலகல் திட்டம் அறிவிக்கப்பட்டது. நீங்கள் துரோகம் என்கிற வழியை அங்கே ஊழியர்கள் போராடிக் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஏப்ரலில் அந்தப் பிரிவில் நூற்றுக்கணக்கானவர்களின் வேலை போனது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்காக எல்லாரும் ஓடிப்போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லவில்லை. மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "இப்போது போனால் இவ்வளவு, அடுத்த தடவை இதுகூடக் கிடைக்காது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்றால் அது மிரட்டல், வேறு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1990-இல் வந்த ஒரு சட்டப்படி, இப்படிக் கூட்டமாக ஆட்களை அனுப்பும் திட்டத்தில், வயதைக் காரணம் காட்டி வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், 40 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு யோசிக்க 45 நாள் கொடுத்தாக வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதோ இல்லையோ, அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

காகிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள், முடிந்தால் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்குவதுதான் நிறையப் பேர் செய்வது. அந்தத் தொகைக்குள்ளேயே மீதி விடுப்புக்கான பணமும், நோட்டீஸ் காலச் சம்பளமும், எப்படியும் உங்களுக்கு வர வேண்டிய பணிக்கொடையும் அடக்கமா, இல்லை அவை தனியா? உள்ளே அடக்கம் என்றால், உங்கள் பணத்தையே எடுத்து உங்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். மாதக் கணக்கு அடிப்படைச் சம்பளத்துக்கா, முழுச் சம்பளத்துக்கா என்பதையும் கேளுங்கள். பல நாடுகளில் தானாக ராஜினாமா செய்தவருக்கு அரசின் வேலையின்மை உதவித்தொகை கிடைப்பது கஷ்டம், அதனால் ஆள்குறைப்பின் காரணமாகவே விலகுகிறார் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, விண்ணப்பித்தாலே கிடைத்துவிடாது. உங்களை விட முடியாது என்று மறுக்கும் உரிமையை நிறைய கம்பெனிகள் கையில் வைத்துக்கொள்கின்றன. கேட்டதாலேயே அடுத்த பட்டியலில் பெயர் வந்துவிடாது என்று எழுதித் தருவார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

சரி, தங்குகிறவர்கள் கதைக்கு வருவோம், உங்களுக்கு அதுதான் முக்கியம். ட்ரெவர், நைபெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊழியர்களில் 1 சதவீதத்தைக் குறைத்தாலே, மீதி இருப்பவர்கள் தாமாக விலகும் விகிதம் 31 சதவீதம் கூடுகிறது. போனவர்களின் வேலை போகாமல் அப்படியே இருப்பவர்கள் தலையில் இறங்குவதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். உங்கள் டீமிலும் அதுதான் நடக்கப்போகிறது. அவர் பார்த்த வேலைகளில் எவை நிறுத்தப்படுகின்றன, எவை யாருக்குப் போகின்றன, அதற்காக உங்கள் கையிலிருந்து எது எடுக்கப்படுகிறது என்று ஒரு பட்டியலை எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், டீமில் எல்லாரும் சேர்ந்தே கேளுங்கள்.