கைக்கு வலு வந்தும் சட்டை போட முடியவில்லையே, ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு 63 வயது. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. பிசியோதெரபிக்குப் பிறகு கம்பு ஊன்றி நடக்கிறார், விரல்களையும் மடக்கி நீட்டுகிறார். ஆனால் சட்டை போடவோ சோறு பிசைந்து உண்ணவோ முடியவில்லை. சீப்பைக் கொடுத்தால் வாயருகே கொண்டுபோகிறார். மருத்துவர் ‘ஓ.டி.’ பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் என்ன செய்வார்கள்? கோவில்பட்டியில் இருக்கும் நாங்கள் எங்கே தேடுவது?

பதில்: ஓ.டி. என்பது ஆக்குபேஷனல் தெரபி. இதைத் தமிழில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று எழுதுவதால், வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பல் துலக்குவது, குளிப்பது, வேட்டி கட்டுவது, கழிப்பறைக்குப் போய்வருவது என ஒருவர் அன்றாடம் தாமே செய்துகொள்ளும் எல்லாமே இங்கே ‘தொழில்’தான். பிசியோதெரபிஸ்ட் பெரும்பாலும் வலு, சமநிலை, நடை ஆகியவற்றில் கவனம் செலுத்துகிறார், ஓ.டி. நிபுணரோ ஒரு செயல் எந்தப் படியில் தடைபடுகிறது என்று பார்க்கிறார்.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் சீப்பு விஷயம் முக்கியமானது. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம். அது பாதிக்கப்படும்போது, தசையில் வலு இருந்தும், ஒரு பொருளை எப்படிக் கையாள்வது, எதற்குப் பின் எதைச் செய்வது என்பது குலைந்துபோவதுண்டு. மருத்துவர்கள் இதை அப்ராக்சியா என்பார்கள். உங்கள் தந்தைக்கும் அதுதானா என்பதை நேரில் சோதித்தே சொல்ல முடியும். அதுவரை, அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்றோ புத்தி பேதலித்துவிட்டது என்றோ வீட்டில் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.

இத்தகையவருக்குச் சட்டை போடுவதைச் சிறு படிகளாகப் பிரித்து, தினமும் ஒரே வரிசையில், அவர் கையைப் பிடித்துச் செய்யவைத்துப் பழக்குவார்கள். பாதிக்கப்பட்ட கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதை நீங்கள் இன்றே தொடங்கலாம், ஆனால் அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பயிற்சி தரும் முறையும் உண்டு, எனினும் அது எல்லாருக்கும் ஏற்றதன்று என்பதால் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே முயல வேண்டாம். தடித்த கைப்பிடியுள்ள கரண்டி, ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி, குளியலறையில் கைப்பிடிக் கம்பி போன்ற மாற்றங்களையும் நிபுணர் பரிந்துரைப்பார்.

தேடுவதைத் தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். தொலைவு பாராட்டாவிட்டால், சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையமும் உள்ளன. தனியார் மையம் என்றால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள்: பக்கவாதம் வந்த பெரியவர்களைப் பார்க்கிறீர்களா, வீட்டுக்கு வருவீர்களா? ஊர்ப்புறத்து ஓ.டி. மையங்கள் பல, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகவே நடக்கின்றன.

‘தெரபிஸ்ட்’ என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து பி.ஓ.டி. என்ற ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம் படித்தவரா என்று கேட்பதில் தவறில்லை. மருத்துவம்சார் துறைகளுக்கான 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ் இத்துறையும் வருகிறது.

முதல் சந்திப்புக்கு மூளை ஸ்கேன் அறிக்கையோடு, அவர் உண்பதையும் சட்டை போட முயல்வதையும் கைபேசியில் படம்பிடித்துக் கொண்டுபோங்கள். கழிப்பறைப் படியின் உயரம், கதவின் அகலம், கட்டிலின் எந்தப் பக்கமாக எழுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், வருகிற எல்லாருக்கும் ஒரே பந்தையும் துளைகளில் குச்சி செருகும் பயிற்சிப் பலகையையும் நீட்டுகிறவராக இருந்தால், நான் வேறொருவரைப் பார்ப்பேன்.