பயணக் கேள்வி–பதில்: ஒரே பகலில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை

கலிஃபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்றிருக்கும் பெற்றோரும், அங்கேயே வேலை பார்க்கும் இளம் வாசகர்களும் இம்முறை ஏறத்தாழ ஒரே பயணத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அந்தச் சாலைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சான் ஃபிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறோம். ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் உறவினர் வீட்டு விசேஷம். விமானம் வேண்டாம், கடலோரமாகவே காரில் போய்விடலாம், விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. ஒரே நாளில் கடற்கரை முழுவதையும் பார்த்துக்கொண்டு போக முடியுமா? எந்தச் சாலை நல்லது? — ஓய்வு பெற்ற ஆசிரியை

பதில்: ஒரே நாளில் போய்ச் சேர முடியும். ஆனால் கடற்கரை முழுவதையும் பார்த்துக்கொண்டு போக முடியாது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு திட்டமிட்டால் அந்த நாள் மிக அருமையாக அமையும். ஏற்றுக்கொள்ளாமல் கிளம்பினால் எல்லா இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று, எதையும் சரியாகப் பார்க்காமல், நள்ளிரவில் களைத்துப் போய் இறங்குவீர்கள்.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே மூன்று வழிகள் இருக்கின்றன. உள்நாட்டுச் சமவெளி வழியாகச் செல்லும் ஐ-5 நெடுஞ்சாலையில் சுமார் 380 மைல். போக்குவரத்து நெரிசல் இல்லையென்றால் ஆறு மணி நேரம். கடலை இந்தச் சாலையில் பார்க்கவே முடியாது. அவசரமாகப் போகிறவர்களுக்கானது அது. இரண்டாவது, மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்குகளில் சென்று தெற்கே கடலைத் தொடும் 101-ஆம் எண் நெடுஞ்சாலை. சுமார் 430 மைல். மூன்றாவதுதான் உங்கள் மாப்பிள்ளை மனத்தில் வைத்திருக்கும் முதலாம் எண் நெடுஞ்சாலை. இதன் பெரும்பகுதி இருவழிச் சாலை. மலைச்சரிவில் வளைந்து வளைந்து செல்வது. எங்குமே நிற்காமல் ஓட்டினால்கூடப் பத்து மணி நேரத்தை நெருங்கிவிடும்.

என்னுடைய தீர்மானமான யோசனை இதுதான்: இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கார்மெல் ஊருக்கும் சான் சிமியனுக்கும் இடைப்பட்ட 90 மைலை மட்டும் முதலாம் எண் சாலையில், நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் கடந்து செல்லுங்கள். பிக் சர் என்று அழைக்கப்படும் பகுதி அதுவே. மற்றபடி இயன்ற வரை 101-இல் விரைவாகச் சென்றுவிடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சான்டா குரூஸுக்கும் இடையே உள்ள கடற்கரையும் அழகானதுதான் என்றாலும், அதை இன்னொரு நாள் அரைநாளில் பார்த்துத் திரும்பலாம். பிக் சரை அப்படிப் பார்க்க இயலாது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி, 101-இல் சான் ஹோசேயைக் கடந்து, 156-ஆம் எண் சாலை வழியாக மான்டரே பக்கம் திரும்பினால் எட்டு மணியளவில் கார்மெல் வந்துவிடும். அங்கே காலை உணவை முடித்துக்கொண்டு, பெட்ரோல் டேங்கை நிரப்பிவிடுங்கள். அதற்குத் தெற்கே பெட்ரோல் நிலையங்கள் மிகக் குறைவு. விலையும் மாநிலத்திலேயே மிக அதிகமான விலைகளுள் ஒன்று. கைப்பேசிக்குப் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், வரைபடத்தை முதல் நாள் இரவே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வது அவசியம்.

கார்மெலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் பிக்ஸ்பி பாலம் வரும். 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கான்கிரீட் வளைவுப் பாலம் ஓடைக்கு மேலே 260 அடிக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறது. அதைக் கட்டியபோது இருபுறமும் தொடர்ச்சியான சாலை கிடையாது; சான் சிமியன் வரையிலான சாலை 1937-இல்தான் திறக்கப்பட்டது. அந்தச் சாலைப் பணியில் சான் குவென்டின் சிறைக் கைதிகளும் உழைத்தார்கள் என்பதை அந்தப் பாறை முகடுகளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் வடக்கு முனையில் வண்டி நிறுத்தும் இடம் சிறியது. பத்து மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும் என்பதற்காகவே உங்களை ஆறு மணிக்குக் கிளம்பச் சொல்கிறேன். இடம் இல்லையென்றால் சாலை ஓரத்தில் ஒடுக்கி நிறுத்தாமல் கடந்து செல்லுங்கள். அடுத்த சில மைல்களிலேயே இதைவிட அமைதியான ஒதுங்குமிடங்கள் இருக்கின்றன.

அங்கிருந்து தெற்கே ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் மாநிலப் பூங்காவில் மெக்வே அருவி இருக்கிறது. சுமார் 80 அடி உயரத்திலிருந்து நேராகக் கடற்கரை மணலில் விழும் அருவி. மணலில் இறங்க அனுமதி இல்லை. சிறு நடைபாதையில் நடந்து மேலிருந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் வயதுக்கு அது சிரமமான நடை அல்ல.

சான் சிமியனுக்கு முன்பாக, பியேட்ராஸ் பிளாங்காஸ் என்ற இடத்தில் கடல் யானைகள் கரையேறிக் கிடக்கும். இதைத் தவறவிடாதீர்கள்; கட்டணமும் கிடையாது. வேலிக்கு இப்பால் நின்றால், துடுப்பால் மணலை வாரி வாரித் தன் முதுகின்மேல் போட்டுக்கொள்வதையும், தும்பிக்கைபோல் தொங்கும் மூக்கோடு ஆண் விலங்கு கழுத்தை நிமிர்த்தி உறுமுவதையும் தெளிவாகப் பார்க்கலாம். வளர்ந்த ஆண் ஒன்று இரண்டு டன்னுக்கும் மேல் எடை இருக்கும். ஆண்டு முழுவதும் சில விலங்குகளாவது அங்கே இருக்கும். குட்டி போடும் காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.

அருகிலேயே இருக்கும் ஹெர்ஸ்ட் மாளிகையை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். அதைச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மான்டரேயின் மீன் காட்சியகத்துக்கும் இதே பதில்தான்; அவற்றுக்குத் தனி நாள் வேண்டும்.

கேம்ப்ரியாவில் மதிய உணவு முடித்து இரண்டரை மணிக்குக் கிளம்பினால், சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 101-ஐப் பிடித்து, நாலரை மணிக்குக் கவியோட்டாவை அடையலாம். அங்கே மலைக் கணவாயைக் கடந்ததும் சாலை சட்டென்று மறுபடியும் கடலோரத்துக்கு வந்துவிடும். அந்தக் கரை தெற்கு நோக்கியது. நீங்கள் கிழக்கே போவதால் மாலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். சான்டா பார்பராவைத் தாண்டியதும் வார நாட்களில் வேலை முடிந்து திரும்புகிறவர்களின் நெரிசல் இருக்கும் என்பதால், லாஸ் ஏஞ்சலஸ் சேரும் நேரத்தை ஏழரை அல்லது எட்டு மணி என்றே உறவினரிடம் சொல்லிவையுங்கள். வென்ச்சுராவுக்குத் தெற்கே மாலிபு வழியாக மீண்டும் முதலாம் எண் சாலையைப் பிடிக்கலாமே என்ற ஆசை வரும். அந்த நேரத்தில் ஓட்டுநர் களைத்திருப்பார், 101-லேயே போய்விடுங்கள்.

ஜூனில் வேறொரு விஷயத்துக்கும் தயாராக இருங்கள். கடலின் குளிர்ந்த நீரோட்டத்துக்கு மேலே உருவாகும் மூடுபனி, கோடையில் காலை வேளைகளில் கரையை மூடிக்கொள்ளும். சில நாட்களில் நண்பகலில் விலகும், சில நாட்களில் விலகவே விலகாது. கார்மெலில் பனி அடர்த்தியாக இருந்தால் காலை உணவை ஒரு மணி நேரம் நீட்டித்துக்கொள்ளுங்கள். கடற்கரை மிகத் தெளிவாகத் தெரியும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான்.

கேள்வி: நாங்கள் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறோம். இதே பயணத்தைத் தெற்கிலிருந்து வடக்காகச் செய்தால் என்ன வேறுபாடு?

பதில்: பெரிய வேறுபாடு. அமெரிக்காவில் வண்டிகள் வலப்புறம் செல்லும். வடக்கிலிருந்து தெற்கே வருகிறவருக்குக் கடல் வலப்புறம் இருப்பதால், இடையில் எதிர்த்திசை வண்டிகள் இல்லாமல் கடலைப் பார்க்கலாம். ஒதுங்குமிடங்களுக்குள் நேராக நுழையலாம், நேராக வெளியேறலாம். வடக்கே போகிறவர் ஒவ்வொரு முறையும் எதிர் வரும் வண்டிகளுக்குக் குறுக்கே, வளைவுகளுக்கு நடுவே திரும்ப வேண்டும். போகும்போது ஐ-5-இல் விரைவாகச் சென்று, திரும்பும்போது கடலோரமாக வாருங்கள். உயரத்தைக் கண்டு அஞ்சுகிறவர் வண்டியில் இருந்தால் மட்டும் வடக்கு நோக்கிய பயணமே அவருக்கு நிம்மதி.

கேள்வி: தமிழ்நாட்டில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு வாடகைக் காரை நானே ஓட்டலாமா? எந்த விதிகளில் கவனம் தேவை?

பதில்: சுற்றுலாவாக வந்திருக்கும் 18 வயது நிரம்பிய ஒருவர் தம் நாட்டின் செல்லுபடியாகும் உரிமத்தோடு கலிஃபோர்னியாவில் ஓட்டலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு என்பது அங்கே உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அதைத் தனியாக நம்ப முடியாது. எனினும் வாடகை நிறுவனங்கள் கேட்கக்கூடும் என்பதால் கையில் இருப்பது நல்லது. எடுத்த ஊரில் அல்லாமல் வேறு ஊரில் காரை விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா, வாடகையில் எந்தக் காப்பீடு அடங்கும் என்பவற்றை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

விதிகளில் நம்மவர் தடுமாறுவது பெரும்பாலும் 'ஸ்டாப்' பலகையில். சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுமையாக நின்ற பிறகே நகர வேண்டும். நான்கு பக்கமும் அந்தப் பலகை இருந்தால், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். சிவப்பு விளக்கில் முழுதாக நின்று பார்த்துவிட்டு வலப்புறம் திரும்பலாம், தடைப் பலகை இல்லாத இடங்களில் மட்டும். சிவப்பு விளக்கு மினுக்க நிற்கும் பள்ளிப் பேருந்தைக் கடக்கக் கூடாது. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

பிக் சர் பகுதிக்கென்றே முக்கியமான விதி ஒன்று இருக்கிறது: இருவழிச் சாலையில் மெதுவாகச் செல்லும் வண்டிக்குப் பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். புதிதாக ஓட்டுகிறவருக்கு இது பெரிய ஆறுதல். பின்னால் வருகிறவர் நெருக்குகிறாரே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். இரண்டு வண்டிகள் சேர்ந்தாலே ஒதுங்கி வழிவிட்டு, உங்கள் வேகத்தில் தொடருங்கள். வளைவுகளுக்கு முன் மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் வேகம் மைல் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஆறு வயது மகனும் என் மாமியாரும் வருகிறார்கள். இருவருக்குமே வளைவுச் சாலையில் வாந்தி வரும். என்ன செய்யலாம்?

பதில்: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின்னிருக்கையில், அவர்களுக்குரிய இருக்கை அல்லது பூஸ்டரில் அமர வேண்டும் என்பது அங்கே சட்டம் (உயரம் 4 அடி 9 அங்குலத்தைத் தொட்டுவிட்ட பிள்ளைக்கு விலக்கு உண்டு). எனவே மாமியாரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். பையன் வெளியே தொலைவில் பார்க்கும்படி பழக்குங்கள். புத்தகமும் திரையும் அந்த 90 மைலுக்கு வேண்டாம். வாந்தி மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டு, கார்மெலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வளைவில் நுழைந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. கழிப்பறைகள் பூங்காக்களிலும் உணவகங்களிலும் மட்டுமே இருப்பதால், கண்ணில் பட்ட இடத்தில் இறங்கிவிடுவது நல்லது.

கேள்வி: எங்களுக்கு விடுமுறை டிசம்பர் கடைசியில்தான். அப்போது போகலாமா? அந்தச் சாலை அடிக்கடி மூடப்படுகிறது என்கிறார்களே?

பதில்: ஜூனில் ஏறத்தாழ பதினான்கே முக்கால் மணி நேரம் பகல், டிசம்பரில் ஒன்பதரை மணி நேரம்தான், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே இருட்டிலேயே கிளம்பி, விடியும் நேரத்தில் கார்மெலில் இருக்க வேண்டும். இரண்டு நாள் கிடைத்தால் கேம்ப்ரியாவில் ஓர் இரவு தங்குவதையே நான் விரும்புவேன்.

மூடப்படுவது உண்மை. சான்டா லூசியா மலைகள் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. மழைநீர் ஊறியதும் சரிவுகள் பெயர்ந்து சாலைமேல் விழும். 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே சரிந்து கால் மைல் நீளச் சாலையைப் புதைத்தது; புதுச் சாலை 2018 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் ராட் கிரீக் அருகே, முந்தைய ஆண்டு காட்டுத்தீயில் எரிந்த மலையிலிருந்து வந்த வெள்ளம் சாலையின் ஒரு பகுதியைக் கடலுக்குள் கொண்டுபோனது.

எனவே முதல் நாள் இரவும், கிளம்பும் காலையிலும் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் 'குவிக்மேப்' தளத்தைப் பாருங்கள். கார்மெலுக்கும் கேம்ப்ரியாவுக்கும் நடுவே மலையைக் கடந்து 101-க்குச் செல்லும் நல்ல குறுக்குச் சாலை கிடையாது. நாசிமியென்டோ–ஃபெர்கூசன் சாலை என்று வரைபடத்தில் ஒன்று தெரியும். மிகக் குறுகலானது, மழைக்காலத்தில் அதுவே மூடிக் கிடக்கக்கூடும், அதை நம்பிப் போகாதீர்கள். நடுவில் அடைப்பு என்று தெரிந்தால், கார்மெலிலிருந்து பிக்ஸ்பி பாலம் வரையிலோ, சாலை திறந்திருக்கும் தொலைவு வரையிலோ சென்று பார்த்துவிட்டு, பத்தரை மணிக்குள் திரும்பி, மான்டரேயிலிருந்து 68-ஆம் எண் சாலையில் சாலினாஸ் சென்று 101-ஐப் பிடியுங்கள். பாசோ ரோபிள்ஸுக்கு அருகே 46-ஆம் எண் சாலையில் மேற்கே திரும்பினால் கேம்ப்ரியா வந்துவிடும். கடல் யானைகளைத் தெற்குப் பக்கத்திலிருந்து போய்ப் பார்க்கலாம், உங்கள் மாதத்தில் குட்டிகளும் பிறக்கத் தொடங்கியிருக்கும்.