பகிடிவதை (ராகிங்) என்று சட்டம் எதைச் சொல்கிறது?

ஒரு கல்வி நிறுவனத்தின் மாணவருக்கோ ஊழியருக்கோ உடல் காயம், மன வேதனை, பயம் ஏற்படுத்தும் அல்லது ஏற்படுத்தக்கூடிய எந்தச் செயலும் பகிடிவதைதான். இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. தண்டனை 2 வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் 10 வருடம் வரை.

பகிடிவதை எப்படித் தொடங்குகிறது என்பது திருகோணமலையில் சுருக்குவலை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். வலை சுற்றி வளைக்கும்போது மீனுக்கு ஒன்றும் தெரியாது. அடிக்கயிறு இறுகிய பிறகு வழியில்லை. "இந்த உடுப்புத்தான் போடவேணும்", "வீட்டுக்குச் சொல்லாதே" என்ற முதல் கட்டளைகள் அந்த வளைப்பு. வெளித்தொடர்பு அறுந்தால்தான் அடுத்தது நடக்கும். ஆகவே அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் செய்தியை, குரல் பதிவை அழிக்கவேண்டாம். "பயத்தில்" அழித்துவிடுவதால்தான் பல முறைப்பாடுகள் நிற்பதில்லை. திகதி, நேரம், இடம் எழுதி மாணவர் ஆலோசகரிடம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். காயமிருந்தால் "விழுந்தேன்" என்று வைத்தியரிடம் சொல்லாதீர்கள், அதுவே பதிவாகும். அவசரத்துக்கு 119 (பொலிஸ்), மனம் தாங்காவிட்டால் 1926 (மனநல உதவி) இலக்கத்துக்கு அழையுங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்துக்கு வெளியே, நிலாவெளி போர்டிங்கில் நடந்தால் சட்டம் செல்லாது என்பது தவறு: நிறுவனத்துக்கு உள்ளே, வெளியே இரண்டையும் அது சொல்கிறது.