நிகழ்ச்சி நடத்த அஜைலா, வாட்டர்ஃபாலா? முதலில் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: ஐடி துறையில் வேலை பார்க்கும் ஒருவர், தான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்பை டிசம்பர் கடைசி வாரத்தில் நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். குடும்பத்தோடு 500 பேர் வரை வரலாம். அலுவலகத்தில் ஸ்க்ரம் பழக்கம்; வேலையைச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் திருத்திக்கொண்டே போகும் அஜைல் வகை முறை அது. நிகழ்ச்சிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டுப் படிப்படியாகச் செய்யும் வாட்டர்ஃபால்தான் சரியா, இல்லை வேறு ஏதாவது முறை இருக்கிறதா என்று கேட்கிறார்.

நான் சென்னையில் நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலையில் இருக்கிறேன். மாநாடு, கம்பெனி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு எல்லாம் செய்கிறோம். என் பதில்: ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு முழு நிகழ்ச்சியையும் ஓட்ட வேண்டாம். முடிவெடுத்த பிறகு மாற்ற முடியாத வேலைகளை, எது முடிந்தால் எது என்று சங்கிலியாகக் கோக்கும் கிரிட்டிக்கல் பாத் முறையில் தேதியிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லறை வேலைகளை, எது எந்த நிலையில் இருக்கிறது என்று கட்டம் கட்டிக் காட்டும் கான்பான் பலகையில் ஓட விடுங்கள். நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் 'மினிட் டு மினிட்' என்று எங்கள் துறையில் சொல்லும் நேர அட்டவணை. எந்த வேலை எந்தப் பக்கம் போகும் என்று பிரிப்பதுதான் இதில் உண்மையான திறமை.

ஸ்க்ரம் ஏன் முழுதாகப் பொருந்தாது என்று பார்ப்போம். அஜைல் கொள்கை அறிக்கையை 2001இல் எழுதியவர்கள் மென்பொருள்காரர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடக்கூடிய ஒரு துண்டைப் பயனரிடம் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த துண்டை மாற்றிச் செய்வதுதான் அதன் உயிர். சந்திப்பில் அப்படிக் கொடுக்க ஒரு துண்டும் கிடையாது. பாதி மண்டபத்தை முதலில் திறந்து வைத்து கருத்துக் கேட்க முடியாது. எல்லாமே ஒரே நாளில், ஒரே தடவை. மென்பொருளில் வேலை முடியவில்லை என்றால் அடுத்த ஸ்பிரிண்டுக்கு, அதாவது அடுத்த சுற்றுக்கு, தள்ளலாம். இங்கே துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டிக்கெட் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அடுத்த ஸ்பிரிண்ட் என்று ஒன்று இல்லை.

மாதாமாதம் நடக்கும் வாசகர் வட்டம், தொழில்நுட்பக் கூட்டம் போன்றவை வேறு கதை. அங்கே ஒவ்வொரு கூட்டமும் ஒரு சுற்று. நடத்துகிறோம், வந்தவர்களிடம் கேட்கிறோம், அடுத்ததில் மாற்றுகிறோம். அதற்கு ஸ்க்ரம் அழகாகப் பொருந்தும், தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

வாட்டர்ஃபாலை அப்படியே வைத்தாலும் இடிக்கும். முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் எழுதி மூடிவிட்டு அதன்படியே போவது என்பது, வரப்போகிறவர்கள் எண்ணிக்கை தெரிந்த ஒருவர் செய்யக்கூடிய காரியம். 500 பேர் என்று நீங்கள் சொல்வது இன்றைக்கு ஒரு யூகம். வாட்ஸ்அப்பில் 'கண்டிப்பா வர்றேன்' என்று போட்டவர்களில் எத்தனை பேர் குழந்தைகளோடு வருவார்கள் என்பது கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும்.

சரி, கிரிட்டிக்கல் பாத். 1957இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்து மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறை இது. ரசாயன ஆலைகளைக் கட்டுவதற்கும், பழுதுபார்க்க ஆலையை நிறுத்தும்போது அதைச் சீக்கிரம் மறுபடி ஓட்டுவதற்கும் தேவைப்பட்டது. கேள்வி எளியது: எந்த வேலை முடிந்தால்தான் எந்த வேலையைத் தொடங்க முடியும்? அப்படிக் கோத்துக்கொண்டே போனால் பல சங்கிலிகள் வரும். அவற்றில் மிக நீளமானது எதுவோ அதுதான் உங்கள் மொத்தக் கால அளவு. அந்தச் சங்கிலியில் ஒரு நாள் தாமதித்தால் நிகழ்ச்சியே ஒரு நாள் தாமதிக்கும். தேதி மாறாத இடத்தில், அந்த ஒரு நாளை வேறு எதிலிருந்தாவது பிடுங்கியாக வேண்டும். மற்ற சங்கிலிகளில் கொஞ்சம் இடைவெளி இருக்கும்; அங்கே தாமதம் வந்தால் பதற வேண்டியதில்லை.

உங்கள் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். சிறப்பு விருந்தினராக உங்கள் பழைய தலைமை ஆசிரியரை அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தேதி கொடுத்தால்தான் நாள் முடிவாகும். நாள் முடிவானால்தான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். மண்டபம் உறுதியானால்தான் அழைப்பிதழில் முகவரி போட முடியும். அழைப்பு போனால்தான் எத்தனை பேர் என்ற கணக்கு திரும்பி வரும். அந்தக் கணக்கு வந்தால்தான் சமையல் மாஸ்டர் மளிகை லிஸ்ட் கொடுப்பார். இது ஒரு சங்கிலி, கண்ணுக்குத் தெரிகிற சங்கிலி.

கண்ணுக்குத் தெரியாதது ஒன்று பக்கத்தில் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு நினைவுப் பரிசு கொடுக்க நினைப்பீர்கள். ஷீல்டு செய்ய ஒரு வாரம் போதும், அதனால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஷீல்டில் பெயர் பொறிக்க வேண்டும். பெயர் பொறிக்க, எந்தெந்த ஆசிரியர்கள் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து நேரில் அழைக்க வேண்டும். பாதிப் பேர் ஊர் மாறியிருப்பார்கள், தொலைபேசி எண் இருக்காது. ஆக ஒரு வார வேலை என்று தோன்றியதற்குப் பின்னால் இரண்டு மாதத் தேடல் ஒளிந்திருக்கிறது. இதைத் தோண்டி எடுப்பதற்காகத்தான் இந்த முறையைச் சொல்கிறேன். 'இதற்கு முன்னால் என்ன முடிந்திருக்க வேண்டும்?' என்று ஒவ்வொரு வேலையிடமும் கேட்டுக்கொண்டே போங்கள். பதில் 'எதுவும் வேண்டாம், இன்றே தொடங்கலாம்' என்று வரும் வரை நிறுத்தாதீர்கள்.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லையா? அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையில் ஒரு வழி உண்டு. எல்லாம் நல்லபடி போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று மூன்று கணக்கு போடுங்கள். வழக்கமானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். அழைப்பிதழ் அச்சுக்கு 3, 5, 13 நாள் என்றால், 36ஐ 6ஆல் வகுத்து 6 நாள் வரும். எல்லா வேலைக்கும் இது வேண்டாம். அச்சகம், ஸ்பான்சர், அனுமதி போல அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகளுக்கு மட்டும் போட்டால் போதும். நம் கையில் இருக்கும் வேலைகளுக்கு நமக்கே தெரியும்.

தேதி விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. டிசம்பர் கடைசி வாரம் மார்கழியில் விழுகிறது, முகூர்த்தம் கிடையாது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும் கல்யாண மண்டபங்கள் மார்கழியில் காலியாக இருக்கும். வாடகையையும் பேசிக் குறைக்கலாம். சமையல்காரர், டெக்கரேஷன், சவுண்ட் சர்வீஸ் எல்லோருக்குமே அது ஓய்வான மாதம். ஆனால் சென்னையில் சபா அரங்கம் எதையாவது மனதில் வைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள், அது கச்சேரி சீசன். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடத்துவதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் மிச்சம் இருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். மழைக்கு மாற்று இடம் என்பது மண்டபம் முடிவு செய்யும் அன்றைக்கே எடுக்க வேண்டிய முடிவு. முந்தைய நாள் மேகத்தைப் பார்த்து எடுப்பது அல்ல.

எதைச் சங்கிலியில் வைப்பது, எதைப் பலகையில் வைப்பது? நான் பார்ப்பது ஒன்றுதான்: மனது மாறினால் என்ன செலவாகும்? கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது, அச்சடித்தது கிழியும், வாங்கிய அனுமதியை மறுபடி வாங்க வேண்டும் என்றால் அது சங்கிலி. மேடைப் பூ என்ன நிறம், பழைய புகைப்படங்களை எப்படித் தொகுப்பது, குழந்தைகளுக்கு என்ன விளையாட்டு, செல்ஃபி இடத்தில் பழைய வகுப்பறை பெஞ்சைப் போடலாமா என்பதெல்லாம் பலகை. உங்கள் ஸ்க்ரம் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் கூடுங்கள். என்ன முடிந்தது, என்ன தடை, அடுத்தது யார் என்ன செய்கிறார்கள். அவ்வளவுதான்.

கான்பான் டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்தது. அதில் பலரும் எடுத்துக்கொள்வது மூன்று கட்டங்களை மட்டும்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. அதைவிட முக்கியமானது, 'நடப்பது' கட்டத்தில் ஒருவரிடம் ஒரே சமயத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற வரம்பு. தன்னார்வலர்களோடு வேலை செய்யும்போது இது ரொம்பவே அவசியம். ஆர்வத்தில் ஒருவரே ஏழு வேலைக்கு 'நான் பார்த்துக்கறேன்' என்பார். மனசு நல்ல மனசுதான், ஆனால் ஏழும் பாதியில் நிற்கும். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரே பெயர். 'கமிட்டி பார்க்கும்' என்று எழுதிய வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று: வாட்ஸ்அப் குழுவில் பேசலாம், முடிவெடுக்கலாம், ஆனால் முடிவைக் கொண்டுபோய் விரிதாளில் எழுதி வையுங்கள். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் புதைந்த மெனுவை யாராலும் தேடி எடுக்க முடியாது.

பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடை நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டியது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு அங்கிருந்து எடுத்துவிட்டது. மார்ச் நடுவில் சென்னைக்கு என்று முடிவானது. ஜூலை 28 தொடக்க விழா. வழக்கமாக ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைக்கும் ஒரு போட்டிக்கு நான்கு மாதத்துக்குச் சற்று கூடுதலான காலம்தான். 180க்கு மேற்பட்ட நாடுகள். இரு அணிகள் மோதும் ஓர் ஆட்டத்துக்கு நான்கு சதுரங்கப் பலகை என்பதால் பொது, பெண்கள் பிரிவு இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறத்தாழ 700 பலகைகள். இருந்த அரங்கம் போதாமல் இன்னோர் அரங்கத்தைப் புதிதாகக் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்த என் கணிப்பில் அந்தக் கட்டுமானம்தான் நீளமான சங்கிலியாக இருந்திருக்கும். போட்டியின் சின்னமான 'தம்பி' பொம்மை, சுவர் ஓவியம், விளம்பரம் எல்லாம் பக்கவாட்டில் ஓடக்கூடியவை.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது கடைசி வாரத்தில் செய்த காரியம். தொடக்கத்துக்குச் சில நாட்கள் முன்னால், அதே அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ரேபிட் போட்டியை ஒத்திகையாக நடத்தினார்கள். வரிசை எங்கே தேங்குகிறது, எந்த வாசல் போதவில்லை என்பதெல்லாம் காகிதத்தில் தெரியாது, ஆட்கள் வந்து நின்றால்தான் தெரியும். நிகழ்ச்சியை ஒரே தடவைதான் நடத்த முடியும் என்றேன் அல்லவா, ஒத்திகை ஒன்றுதான் அதற்கு விதிவிலக்கு. நீங்கள் ஆயிரம் பேரைக் கூட்ட வேண்டாம். முந்தைய நாள் மாலை மண்டபத்தில் மைக்கை ஆன் செய்து, ப்ரொஜெக்டரில் உங்கள் வீடியோவை முழுதாக ஓட்டிப் பார்த்து, ஜெனரேட்டரை ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பதிவு மேஜையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை நடந்து பார்த்தால் போதும். ஜெனரேட்டர் டீசல் வாடகையில் சேர்த்தியா, தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மினிட் டு மினிட் அட்டவணையையும் பின்னோக்கியே போடுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்தால் முறையான அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் வைக்கவும் கூடாது. ஆகவே 9.30க்குப் பாட்டுக் கச்சேரி முடிய வேண்டும். 500 பேர் ஒரே பந்தியில் உட்கார முடியாது. மண்டபத்தில் ஒரு பந்திக்கு 200 இலை என்றால் மூன்று பந்தி ஆகும். பரிமாறி, சாப்பிட்டு, துடைத்து அடுத்த பந்திக்கு ஒரு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் முதல் பந்தி எத்தனை மணிக்கு உட்கார வேண்டும் என்று தானாக வந்துவிடும். அதிலிருந்து மேடை நிகழ்ச்சிக்கு என்ன மிச்சம் என்று பாருங்கள். ஐந்து பேர் வரவேற்புரை என்று ஆசைப்பட்ட கமிட்டி இந்தக் கணக்கைப் பார்த்ததும் இரண்டுக்கு இறங்கிவிடும்.

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் நேரம், என்ன நடக்கிறது, மேடைக்குப் பின்னால் யார் தயாராக இருக்க வேண்டும், சவுண்ட் ஆள் எதைப் போட வேண்டும் என்று நான்கு கட்டம் இருக்கட்டும். தொகுப்பாளர், சவுண்ட், சமையல், வாசல் என்று நான்கு இடத்திலும் ஒரு அச்சுப் பிரதி. அன்றைக்கு ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் அதைச் சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் மேடையில் பேசுகிறவராக இருக்கக் கூடாது. நீங்கள் பொறுப்பாளர் என்பதால் உங்களைப் பேச அழைப்பார்கள். அன்றைக்கு அந்தக் கட்டளைப் பொறுப்பை அமைதியான சுபாவம் உள்ள ஒரு நண்பரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிரின்ஸ் 2, சிக்ஸ் சிக்மா போன்ற பெரிய நிறுவனங்களின் நிர்வாக முறைகளையும் சிலர் சொல்வார்கள். உங்கள் அளவுக்கு அவை பாரம்தான். மென்பொருள் கருவிக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். கூகுள் ஷீட்டில் மூன்று பக்கம் போதும்: சங்கிலி, பலகை, அன்றைய அட்டவணை. 50 பேர் வரும் சந்திப்பாக இருந்தால் அதுகூட வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும் என்று சொல்லியிருப்பேன்.

இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. தலைமை ஆசிரியரிடம் தேதி கேளுங்கள், போனில் வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள். அப்போதே மற்ற ஆசிரியர்களின் எண்களையும் அவரிடம் வாங்கிவிடுங்கள். எல்லோரோடும் தொடர்பில் இருப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.